மூன்று சென்ட் பச்சை

லட்சுமிகாந்தம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், ஊர்க்காவலன் அந்தத் தீபாவளி சீசனை நிம்மதியாகக் கழித்திருப்பான். ஆனால் அச்சாபீஸில் லேபிள் ஒட்டும் பிரிவை மேய்க்கிற மனுசருக்கு எதைப் பார்த்தாலும் ஒட்டுதான் கண்ணில் படும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளியைத் திறக்காமல் ஒரு தபால்தலையை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தான் ஊர்க்காவலன். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவர் அவன் கையிலிருந்த லென்ஸைப் பிடுங்கி, தபால்தலையின் ஓரத்தை ஒரு பார்வை பார்த்தார். அதோடு விட்டாரா?

"ஏலே, இது ஒட்டு வேலைலே" என்றார்.

"இல்லண்ணே, இது ரெட்டைத் தாளு. அந்தக் காலத்துல அமெரிக்காக்காரன் அப்படித்தான் அடிச்சிருக்கான்."

"யாரு சொன்னா?"

"கண்ணுச்சாமி அண்ணாச்சி. சாத்தூருக்குப் பக்கத்துல இருக்காகளே, அவுக."

"இதை உனக்குக் குடுத்தது யாரு?"

"அவுகதான்."

லட்சுமிகாந்தம் சிரித்தார். சிரிப்பென்றால் பக்கத்து மேஜைக்காரன் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. "குடுத்த ஆளே பேரும் வச்சுக் குடுத்திருக்காரு. தபால்தலை அடிக்க எவனாச்சும் தாளு மேல தாளை ஒட்டிக்கிட்டு உக்காந்திருப்பானா? பின்பக்கம் நைஞ்சு போயிருக்கும். அங்கன ஒரு தாளை ஒட்டி மறைச்சு உன் தலையில கட்டிட்டாரு. போய்ச் சோத்தைத் தின்னு."

ஊர்க்காவலன் சோற்றைத் தின்னவில்லை.

அவனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரன். சிவகாசியில் காலண்டர், டைரி, பட்டாசு லேபிள் அடிக்கிற ஓர் அச்சாபீஸில் துளை போடும் மிஷினில் வேலை. பில் புத்தகத்தில் கிழிப்பதற்கு வரிசையாகப் பொட்டுப் பொட்டாகத் துளை இருக்கிறதே, அது அவன் கைவேலை. பெண்டாட்டி மாடத்தி பட்டாசு கம்பெனியில் தாள் குழாய் சுற்றுகிறாள். புருசனும் பெண்டாட்டியும் காலையிலிருந்து சாயங்காலம் வரை தாளோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். இந்த வட்டாரத்தில் தாளும் பசையும் படாத கை கிடையாது. ஒரு லேபிள் பழுதானால் மேலே நல்லதை ஒட்டுவார்கள். அட்டை மெலிந்தால் பின்னால் இன்னொன்றை ஒட்டுவார்கள். ஒரு தாளுக்குப் பின்னால் இன்னொரு தாள் இருந்தால் எவனோ எதையோ மறைக்க ஒட்டியிருக்கிறான் என்பது இங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்த சங்கதி.

தபால்தலைக் கிறுக்கு அவனுக்கு ஆபீஸ் குப்பையில் பிடித்தது. வெளிநாட்டு ஆர்டர் வந்த உறைகளைக் கிழித்துப் போடுவார்கள், இவன் பொறுக்குவான். விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தபால்தலைக் கண்காட்சி போட்டபோது வேடிக்கை பார்க்கப் போனவன், ஒரு கண்ணாடிச் சட்டத்துக்கு முன்னால் நின்றவன்தான், நகரவில்லை. சட்டம் முழுக்க ஒரே தபால்தலை. பழைய அமெரிக்க மூன்று சென்ட். பச்சை நிறம், இடது பக்கம் பார்க்கிற வாஷிங்டன் முகம், பின்னால் முடிந்த முடி. ஒன்றைப் போலவே இன்னொன்று, அப்படி வரிசை வரிசையாக.

"எல்லாம் ஒண்ணுதானே, எதுக்கு இம்புட்டு?" என்று கேட்டுவிட்டான்.

பக்கத்தில் நின்ற வெள்ளை வேட்டிக்காரர், "முகம் ஒண்ணுதான் தம்பி. தாளு வேற வேற" என்றார்.

தாள் என்ற சொல்லைக் கேட்டதும் ஊர்க்காவலனின் கை தானாக நீண்டது. அச்சாபீஸில் புதுத் தாள் வந்தால் ஒரு மூலையைக் கிழித்துப் பார்ப்பது பழக்கம். கிழிகிற விதத்தில் ஜாதகமே தெரிந்துவிடும். மேஜையில் சட்டத்துக்கு வெளியே கிடந்த ஒன்றை எடுத்து விரல் நுனியில் பிடித்துக் கிழிக்கப் போனவனின் மணிக்கட்டை வேட்டிக்காரர் எட்டிப் பிடித்தார். "எய்யா, கொன்னுப்புடாத!" என்று அவர் போட்ட சத்தத்தில் கண்காட்சியே திரும்பியது. அப்படித்தான் கண்ணுச்சாமி பழக்கமானார்.

நிலபுலம் உள்ள வீடு. பருத்தி, மிளகாய், கொஞ்சம் மக்காச்சோளம். ஞாயிற்றுக்கிழமையானால் ஊர்க்காவலன் பஸ் ஏறி அங்கே போய்விடுவான். முன்னறை மேஜையில் இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்துகொள்வார்கள். கெட்டித் தாளில் அடித்ததைக் காதோரம் வைத்து மெல்ல வளைத்தால் சரக்கென்று சத்தம் வரும் என்று அவர் காட்டினார். பிற்பாடு வேறு கம்பெனி அடித்த மெத்துத் தாளில் அந்தச் சத்தம் வராது. வெளிச்சத்தில் பிடித்தால் செய்தித்தாள் மாதிரி திட்டுத் திட்டாகத் தெரியும். ஒரு தாளில் மயிரிழை வரி ஓடும், ஒன்றில் பட்டு நூல் துணுக்குக் கிடக்கும். ஊர்க்காவலன் ஒரே மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே பிரித்துவிட்டான். கண்ணுச்சாமி அசந்துபோய்ப் பெண்டாட்டியைக் கூப்பிட்டு அதைச் செய்துகாட்டச் சொன்னார். பஞ்சம்மாளுக்குத் தபால்தலை எல்லாம் வேலையற்றவர்கள் பிழைப்பு. ஆனாலும் காப்பி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர்.

அந்த டம்ளர் ஊர்க்காவலனுக்குப் பெரிது. எவ்வளவு பெரிது என்பதை அவன் மாடத்தியிடம்கூடச் சொன்னதில்லை. அவனுடைய அப்பா அதே வீட்டுக் காட்டில் பருத்தி எடுத்தவர், மிளகாய்ப் பழம் பறித்தவர். அவருக்கு அந்த வீட்டு வாசலில் கைதான் டம்ளர். கண்ணுச்சாமியின் அய்யா ஒரு தீபாவளிக்கு அவருக்கு வேட்டி கொடுத்தார். வெள்ளை வெளேரென்று நறுவிசாக மடித்த வேட்டி. வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்மடிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டுப் போட்டிருந்தது. அப்பா அதைக் கட்டிக்கொண்டுதான் கோயிலுக்குப் போனார். ஒட்டு பின்பக்கம் வருகிற மாதிரி கட்டினார், பின்பக்கம் நடந்துவந்தது ஊர்க்காவலன்.

கண்ணுச்சாமியிடம் இதை அவன் சொல்லவில்லை. இன்னார் மகன் என்று அவருக்குத் தெரியும், அவரும் பேச்செடுக்கவில்லை. தபால்தலை பேசவே நேரம் போதாது, வேட்டியை எங்கே பேசுவது?

இப்படி இருக்கும்போதுதான் ஆளுக்கொன்றை மாற்றிக்கொண்டார்கள். ஊர்க்காவலனிடம் பழைய தாள் மூட்டையில் கிடைத்த திருவிதாங்கூர் உறை ஒன்று இருந்தது, சங்கு படம் போட்ட தபால்தலை ஒட்டி, முத்திரை விழுந்து, அப்படியே முழுசாக. கண்ணுச்சாமி அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு உள்ளே போய்த் தேடி எடுத்துவந்து அந்தப் பச்சைத் தலையை வைத்தார். "இது ரெட்டைத் தாளு. கனத்த தாளு மேல லேசான தாளைச் சேத்து, அதுல அடிச்சிருக்கான். முத்திரையைக் கழுவிட்டு மறுக்கா ஒட்டுற பயலுகளுக்காக. கழுவினா மேல் தாளு நைஞ்சிரும். மாத்திக்கிடலாமா?" என்றார். ஊர்க்காவலன் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இப்போது கேள்வி வந்துவிட்டது.

அன்று மத்தியானம் அவன் போட்ட துளைகள் கோணிக்கொண்டு போயின. ஒரு கட்டு பில் புத்தகம் வீண். மேனேஜர் கத்தினார், இவன் காதில் விழவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து லென்ஸை வைத்து ஓரத்தைப் பார்த்தான். இரண்டு தாள்தான். கோடு மாதிரி தெளிவாகத் தெரிந்தது. காதோரம் வளைத்தான், மந்தமாக ஒரு சத்தம். வெளிச்சத்தில் பிடித்தான், ஒன்றும் தெரியவில்லை. மறைக்கிறவன் அப்படித்தானே ஒட்டுவான்? உட்கார்ந்தான், எழுந்தான், வாசலுக்குப் போனான், திரும்பி வந்து மறுபடி பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை சாத்தூருக்குப் போகவில்லை. சீசன் வேலை என்று போனில் சொன்னான். "எம்புட்டு லோடு வந்தாலும் ஒரு மணி நேரம் வந்துட்டுப் போப்பா" என்றார் அவர். அந்தக் குரலில் பாசம் இருக்கிறதா நடிப்பு இருக்கிறதா என்று ராப்பகலாக யோசித்தான். அவனுக்குத் தெரிய வேண்டியது தபால்தலையைப் பற்றி இல்லை. அந்த மேஜையில் அவன் எதிரே உட்கார்ந்திருந்த ஆள் அவனைச் சமமாக நினைத்தாரா, இல்லை அவரும் மடித்துக் கொடுத்தாரா என்பதுதான். அது தெரியாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு சாயங்காலம் கம்பெனி வேன் இறக்கிவிட்டு மாடத்தி உள்ளே வந்தபோது அவன் தபால்தலையை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"பசை வாடை அடிக்குதா பாரு."

அவள் முகர்ந்தாள். அவள் கையிலேயே நாள் முழுக்கப் பசை. "எனக்கு எல்லாத்துலயும்தான் பசை வாடை அடிக்கும். என்னான்னு சொல்லித் தொலைங்க. ஒரு வாரமா பேயடிச்ச மாதிரி திரியிறீக."

சொன்னான். அவள் தபால்தலையை வாங்கி ஓரத்தை நகத்தால் தடவினாள். "ரெண்டு தாளுதான். ரெண்டு தாளுன்னா எவனோ ஒட்டாம எப்படிச் சேரும்? ஆனா இதுக்கு எதுக்கு இம்புட்டு மருகுறீக? அவுககிட்டயே கேட்டுப்புட வேண்டியதுதானே."

"கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவாக."

"அப்ப நம்பாதீக. இல்ல நம்புங்க. ரெண்டுல ஒண்ணு செஞ்சுட்டு அரிசியைக் களைஞ்சு வைங்க, எனக்கு இடுப்பு வலிக்கி."

அவனால் இரண்டில் ஒன்று செய்ய முடியவில்லை. மூன்றாவதைச் செய்தான். தப்பாக ஒட்டிய லேபிளைப் பிரிக்க ஆபீஸில் ஆவி காட்டுவார்கள். மாடத்தி சோற்றுப் பானையை வடிக்கச் சரித்ததும், கிடுக்கியில் தபால்தலையைப் பிடித்து ஆவிக்கு மேலே நீட்டினான். "அடப் பாவி மனுசா" என்றாள் அவள். ஓரம் லேசாக எழும்பியது. நகத்தைக் கொடுத்தான். மேல் தாள் வெங்காயத் தோல் போலச் சுருண்டு கிளம்பியது, ஒரு மூலை மட்டும் வராமல் கிழிந்து அடியில் இருந்த தாளிலேயே நின்றுவிட்டது.

"பாத்தியா! பாத்தியா! ரெண்டா வந்துருச்சு!" என்று கத்தினான். ஏதோ ஜெயித்துவிட்டவன் மாதிரி குதித்தான். ஆனால் ஒரு வாரமாக அவன் கும்பிட்டதெல்லாம் பிரியாமல் இருக்க வேண்டும் என்றுதான்.

மாடத்தி தடுப்பதற்குள் செல்போனை எடுத்துவிட்டான்.

"அண்ணாச்சி, தலையைப் பிரிச்சுப் பாத்துட்டேன்."

"என்னப்பா சொல்ற? பிரிச்சியா?"

"பிரிச்சேன். ஒட்டு வேலை. உங்கய்யா எங்கப்பாவுக்கு ஒட்டுப்போட்ட வேட்டியை மடிச்சுக் குடுத்தாரு. நீங்க எனக்கு ஒட்டுப்போட்ட தலையைக் குடுத்திருக்கீக. உங்க வீட்டுக் கையே அப்படித்தான் போல. எங்களுக்கு நல்லதை எடுத்துக் குடுக்க மனசு வராது."

அந்தப் பக்கம் பஞ்சம்மாள் தூரத்தில் யாரையோ கூப்பிடுவது கேட்டது.

"சரிப்பா" என்றார் கண்ணுச்சாமி. போனை வைத்துவிட்டார்.

மாடத்தி வடித்த கஞ்சியை ஓரமாக வைத்தாள். "சொல்லிட்டீகள்ல. இப்ப ஆறிருச்சா?" என்று கேட்டாள். அவனுக்கு ஆறவில்லை.

இரண்டு துண்டையும் கண்ணாடிச் சில்லில் காயப் போட்டான். முகத்தில் எறிய வேண்டும், சாட்சி வேண்டும் அல்லவா? டியூப்லைட்டுக்குக் கீழே சில்லைச் சாய்த்துப் பிடித்தபோது அடித்தாளின் வெற்று வெள்ளையில் ஏதோ நிழல் தட்டியது. லென்ஸை எடுத்தான். மூக்கு. அதற்கு மேலே நெற்றி. பின்னால் முடிந்த முடி. மை இல்லை, வெறும் பள்ளமும் மேடுமாக வாஷிங்டன் முகம் அடித்தாளிலும் பதிந்து கிடந்தது.

ஊர்க்காவலன் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

அச்சாபீஸ்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. செதுக்கின தகட்டில் ஈரத் தாளை வைத்து அழுத்தி அடிக்கிற அச்சு அது. கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் புடைத்துக்கொண்டு நிற்பாரே, அந்த மாதிரி. அடித்தாளில் முகம் விழுந்திருக்கிறதென்றால் தகட்டுக்கு அடியில் இரண்டு தாளும் சேர்ந்தே போயிருக்கின்றன. முதலில் ஒட்டு, பிறகுதான் அச்சு. பிற்பாடு ஒட்டிய தாளில் முகம் எப்படி வரும்? துளைகளைப் பார்த்தான். அது அவன் தொழிலே அல்லவா! மேல் தாளின் ஓரத்தில் பல் பல்லாக நிற்கிறதில் ஒரு பல் குட்டை, அடித்தாளிலும் அதே பல் குட்டை. ஒரே குத்தில் இரண்டையும் துளைத்திருக்கிறார்கள். அண்ணாச்சி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். கழுவினால் நைந்துவிடும் என்றாரே, அதுவும் நிஜம். கையில் நைந்து கிடக்கிறது.

"என்னாச்சு?" என்றாள் மாடத்தி.

"நான்தான் திருட்டுப்பய" என்றான்.

போனை எடுத்தான், வைத்தான். மறுபடி எடுத்தான். அந்த வார்த்தைகளைச் சொன்ன அதே போனில் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. காலையில் லீவு சொல்லிவிட்டு, இரண்டு துண்டையும் உறையில் வைத்து, ஆபீஸில் உயர்ந்த வேலைக்கு வைத்திருக்கிற வெள்ளைப் பசையில் ஒரு சின்ன பாட்டில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். பஸ் நின்று நின்று போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கம்பெனி வேன்கள் குறுக்கே வந்தன. இறங்கி அண்ணாச்சி வீட்டுக்கு ஓடியே போய்விடலாமா என்று இருந்தது அவனுக்கு.

கண்ணுச்சாமி மேஜையில்தான் இருந்தார். ஆல்பம் மூடிக் கிடந்தது. "வா" என்றார். எழுந்திருக்கவில்லை.

ஊர்க்காவலன் உட்காராமல் நின்றபடியே உறையை வைத்தான். "ரெட்டைத் தாளுதான் அண்ணாச்சி. தப்பு பூராவும் என்னோடது. அடித்தாளைச் சாச்சுப் பிடிச்சுப் பாருங்க."

அவர் வேண்டா வெறுப்பாக லென்ஸை எடுத்தார். சன்னல் பக்கம் சாய்த்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முதுகு நிமிர்ந்தது. "ஏலே! முகம் விழுந்திருக்கேலே!" என்றார். "இத்தனை வருசத்துல நான் இதைப் பாத்ததில்லையே. இங்கன வா, இந்தக் காதைப் பாரு." இரண்டு தலைகளும் அந்தத் துண்டுத் தாளின் மேல் குனிந்தன. ஊர்க்காவலன் குட்டைப் பல்லைக் காட்டினான். அவர் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். ஒரு நிமிசம் எல்லாம் பழையபடி இருந்தது.

பிறகு அவர் லென்ஸைக் கீழே வைத்தார்.

"தலையைப் பத்திச் சொன்னது தப்பு. வேட்டியைப் பத்திச் சொன்னது?"

ஊர்க்காவலன் உறையின் மடிப்பை நீவிவிட்டான்.

"அது நெசம்தான்" என்றார் கண்ணுச்சாமி. "எங்கய்யா மடிக்கிறப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். ஒட்டு உள்ள போற மாதிரி ரெண்டு தரம் மாத்தி மடிச்சாரு. நீ மொதல்ல இங்க வந்து உக்காந்த அன்னைக்கே எனக்கு அதுதான் நெனப்பு. அதனாலதான் உனக்குன்னு குடுக்கிறப்ப உள்ள போய் நல்லதாத் தேடிக் குடுத்தேன். என்கிட்ட இருந்த ரெட்டைத் தாளு அது ஒண்ணுதான்."

ஊர்க்காவலன் மடியிலிருந்து பசை பாட்டிலை அவசரமாக எடுத்துத் திறந்தான். "ஒட்டிருதேன் அண்ணாச்சி. ஓரம் பிசகாம, பல்லுக்குப் பல்லு. லென்ஸ் வச்சுப் பாத்தாலும் தெரியாது. இப்பவே ஒட்டிருதேன்."

கண்ணுச்சாமி அன்று கண்காட்சியில் பிடித்த மாதிரியே அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தெரியாதுதான். உன் கை எனக்குத் தெரியாதா? ஆனா நேத்து வரைக்கும் அது ஒட்டு வேலை இல்லப்பா. இப்ப ஒட்டினாத்தான் ஒட்டு வேலை."

பஞ்சம்மாள் காப்பி கொண்டுவந்தாள். இரண்டும் அதே டம்ளர்கள்தான். இரண்டு பேரும் குடித்தார்கள். கண்ணுச்சாமி இரண்டு துண்டையும் அதே உறையில் போட்டு அவன் பக்கம் தள்ளி, "உன் தலை, நீயே வச்சிரு" என்றார்.

"ஞாயித்துக்கிழமை வரட்டுமா அண்ணாச்சி?"

"வா" என்றார் அவர், ஆல்பத்தைத் திறந்துகொண்டே.

ஊர்க்காவலன் பசை பாட்டிலை மூடினான். விரலில் ஒட்டியதை வேட்டியில் துடைத்தான், போகவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் பாதி சீட் காலியாகக் கிடந்தும் அவன் உட்கார மனசு வராமல் சிவகாசி வரை நின்றுகொண்டே வந்தான்.